அண்ணன் இளைக்க ஒரு டப்பா

சர்க்கரைக்காரர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழிலில், "இன்னிக்கு ரொம்ப ருசியா இருந்துச்சு" என்று வாடிக்கையாளர் சொன்னால் சந்தோஷப்படக் கூடாது. எதையோ கூடுதலாகப் போட்டுவிட்டோம் என்று பயப்பட வேண்டும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மில்பிடாஸில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு பொதுச் சமையற்கூடத்தில் நான் இந்த வேலையைச் செய்கிறேன். காலையில் சமைத்து, ஸ்டீல் டப்பாக்களில் அடைத்து, மதியத்துக்கு மேல் நானே காரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். முந்தின நாள் டப்பாவைக் கழுவி வைத்திருப்பார்கள், வாங்கிக்கொண்டு வருவேன். எடை குறைய ஒரு டப்பா, சுகர் குறைய ஒரு டப்பா, இரண்டும் குறைய வேண்டியவர்களுக்கு இன்னொன்று. எனக்கும் சுகர் உண்டு, அதனால் யாருக்கும் உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்கில்லை. தட்டில் கிடக்கும் பாகற்காயை முறைத்துக்கொண்டே இதைப் படிக்கிற சக சர்க்கரைவாசிகளே, நாமெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தினை தப்பு செய்யாது

ராமநாதன் அங்கிள் ஊரில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். அரிசியை நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறியவர். மாறியதிலிருந்து எதிரிகளையெல்லாம் ஒழித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில். தினை உப்புமா ஒரு கிண்ணம் கட்டிக் கொடுத்தால், "இன்னும் ரெண்டு கிண்ணம் சேத்துக் கட்டும்மா, தினைதானே" என்பார். வரகுப் பொங்கலென்றால் அவருக்கு அளவே கிடையாது.

தினையும் மாவுச்சத்துதான், கொஞ்சமாகச் சாப்பிட்டால்தான் அது நல்லது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். சுகர் ஏறிக்கொண்டே போனது. மருமகள் கவலைப்பட்டாள், டாக்டர் திட்டினார். கால் பெருவிரலில் வந்த புண் ஆறாமல் கட்டுப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தவரிடம், "இப்பவாவது அளவக் குறைங்க அங்கிள்" என்று கெஞ்சினேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "மாடு காலம் பூரா புல்லுதாம்மா திங்குது. எந்த மாட்டுக்காவது சுகர் வந்து பாத்திருக்கியா?"

கையில் ஒட்டிய ஒற்றன்

செல்வநாயகம் அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி இறந்த பிறகு இங்கே ஒரு அபார்ட்மென்டில் தனியாக இருக்கிறார். மகள் டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் மேல்கையில் ஒரு சென்சாரை ஒட்ட வைத்திருக்கிறாள். அவருக்குச் சுகர் ஏறினால் அங்கே அவளுடைய போனில் மணி அடிக்கும். உடனே அப்பாவைக் கூப்பிடுவாள், அடுத்து என்னைக் கூப்பிடுவாள். "அக்கா, இன்னிக்கு என்ன அனுப்பினீங்க? கிராஃப் செங்குத்தா ஏறுது!"

ஒருநாள் பொறுக்க முடியாமல் நேரிலேயே போய்விட்டேன். என் டப்பா மூடி திறக்கப்படாமல் ஃப்ரிட்ஜில் இருந்தது. மேசையில் கேக் பெட்டி, பாதி காலி. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தெம்பில் நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். தேநீர் போட்டுக் கொடுத்தார், எனக்குச் சர்க்கரை இல்லாமல். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சுகர் ஏறினா மகள் உடன கோல் எடுக்கிறாள் பிள்ளை. ஒழுங்கா நிண்டா ஒருத்தரும் எடுக்கினம் இல்லை."

தானம் கொடுக்கும் உடம்பு

என்னிடம் இளைக்க வருகிறவர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். மகளின் கல்யாணத்துக்குப் பழைய பட்டு ரவிக்கை ஏற வேண்டும், முட்டி வலி குறைய வேண்டும், மனைவியின் வாயை மூட வேண்டும். இன்னொரு உயிருக்காக இளைக்க வந்த ஒரே ஆள் சரவணன்தான்.

ஈரோட்டுக்காரர், இங்கே சிப் டிசைன் வேலை. பக்கத்து ஊரான ஃப்ரீமான்டில் இருக்கும் அவருடைய தங்கை உமாவுக்குச் சுகரால் இரண்டு கிட்னியும் கெட்டுப்போய் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. தன் கிட்னி ஒன்றைத் தருவதாகச் சரவணன் சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ரத்தம் பொருந்திவிட்டது. ஆனால் எடை அதிகம், சுகரும் எல்லைக்கோட்டில் நின்றது. இரண்டையும் இறக்கிக்கொண்டு வாருங்கள், சுகர் இதற்கு மேல் ஏறிவிட்டால் உங்கள் கிட்னியை எடுக்க மாட்டோம் என்று உறுப்பு மாற்றுச் சிகிச்சை மையத்தில் சொல்லியிருந்தார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வந்திருந்த அவர் மனைவி ரேவதி அதுவரை வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னாள்: "டப்பாவ வீட்டுக்கே குடுத்துடுங்கக்கா. அவருக்கு எடுத்துப் போடுறது எப்பவும் நான்தான்."

உமாவின் காய்கறி

அண்ணனுக்குக் கட்டுகிறவள் தங்கைக்கும் கட்ட மாட்டேனா? உமாவின் டப்பாவையும் நானே ஏற்றுக்கொண்டேன். என் தொழிலிலேயே மனசு ஒட்டாத சமையல் அதுதான். கிட்னி கெட்டவர்களுக்குக் காயில் இருக்கும் பொட்டாசியம் ஆகாது, அதனால் காயைப் பொடியாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, நிறைய நீர் விட்டு வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். தக்காளி கூடாது, தேங்காய் கூடாது, உப்பு பேருக்குத்தான். காயில் இருக்கிற நல்லதெல்லாம் தொட்டியில் போய்விடும். மிச்சம் இருக்கிற சக்கையைத்தான் அவளுக்குக் கட்டிக்கொண்டு போவேன்.

டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறப்பாள். கணவர் ஆபீஸ் போயிருப்பார்; கிட்னி கொடுக்க அவர் ரத்தம் பொருந்தவில்லை. தன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணன் டப்பா காலியாகத் திரும்பி வருகிறதா என்றுதான் கேட்பாள். "சுத்தமா வருதும்மா" என்று சொன்னால் அவள் முகத்தில் ரத்தம் ஊறும். ஒருநாள் மனசு கேட்காமல், அவளுக்குப் பிடித்தது ஏதாவது இருந்தால் சொல், விதிக்குள் அடங்குகிற மாதிரி செய்து தருகிறேன் என்றேன். அவள் சொன்ன பதில்: "எனக்கு ருசி வேண்டாமுங்க்கா. அண்ணன் டப்பாவ நல்லா கட்டுங்க. அண்ணன் இளைச்சாத்தான் நான் இருப்பேன்."

சாம்பாரில் வெல்லம்

வாரங்கள் போயின, அண்ணன் இளைக்கவில்லை. பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திப் போட வேண்டி வந்தது, அதுதான் நடந்தது. காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சுகரும் மெல்ல மெல்ல ஏறியது. நான் எண்ணெயைக் குறைத்தேன். சப்பாத்தியை நிறுத்தினேன். சோற்றையே எடுத்துவிட்டு, காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வேகவைத்துச் சோறு மாதிரி கட்டினேன். ஒன்றும் அசையவில்லை. அவருக்குக் கட்டியதையே நானும் சாப்பிட்டு, விரலைக் குத்திப் பார்த்தேன். எனக்கு ஏறவில்லை, அவருக்கு ஏறுகிறது. ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை சரவணனே சமையற்கூடத்துக்கு வந்துவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். என் மசாலா டப்பாக்களின் மேல் அவர் கண் போவதை நானும் பார்த்தேன். மையத்தில் அடுத்த பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கையின் உயிர் என் கரண்டியில் தொங்குகிறது என்று எனக்கும் தெரியும், அதனால்தான் அவர் கேட்டது அப்படிச் சுட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க்கா. சாம்பார்ல வெல்லம் ஏதாச்சும் போடறீங்களா?"

நொய்

அடுத்த வாரம் சமையற்கூடத்தில் எனக்கு வேறு நேரம் ஒதுக்கிவிட்டார்கள். வழக்கமாகப் பிற்பகலில் போகிறவள் அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளைக்கு முன்பே ரேவதி வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்தது, பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த மூத்த பெண். "மாம் இஸ் இன் த கிச்சன், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் சரவணனுக்கு வீட்டிலிருந்து வேலை. மாடியில் அவர் மீட்டிங்கில் பேசுவது கேட்டது. நான் நேராகக் கிச்சனுக்குப் போனேன்.

முந்தின நாள் நான் கட்டிக் கொடுத்த காலிஃபிளவர் சோறு ஒரு அகலப் பாத்திரத்தில் கொட்டிக் கிடந்தது. அதன் மேல் ரேவதி வேகவைத்த நொய்யரிசியைச் சரிபாதிக்குக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தாள். துருவிய காலிஃபிளவரும் நொய்யும் ஒரே வெள்ளை, ஒரே பருமன். கலந்துவிட்டால் என் கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் நெய். மிக்ஸியில் அரைத்த முந்திரி, என்னுடைய கூட்டில் கலப்பதற்கு. காலையில் அவருக்குச் சத்துமாவுக் கஞ்சி வேறு போகிறது என்று அடுப்போரம் இருந்த பாத்திரம் சொன்னது. சாம்பாரில் வெல்லமா என்று கேட்டாரே அந்த மனுஷன்!

ரேவதி எதையும் மறைக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். "அவங்கப்பாவுக்கு சுகர், தங்கச்சிக்கு சுகர். நாளைக்கு இவருக்கும் வரும். ஒத்தைக் கிட்னிய வெச்சுக்கிட்டு இவரு என்னக்கா பண்ணுவாரு? கிரீன் கார்டு இன்னும் வரல. இவரு படுத்து வேலை போயிட்டா நானும் பசங்களும் ஊருக்கு மூட்டையக் கட்ட வேண்டியதுதான்" என்றாள் தாழ்ந்த குரலில். "நீ எதுக்குப் பயப்படறியோ அதையேதான் ஊட்டி வளக்கற. அவர்கிட்ட வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று நான் கத்தாமல் கத்தினேன். கரண்டியை வழித்துப் பாத்திரத்தில் தட்டிவிட்டு அவள் சொன்னாள்: "வேண்டாம்னு சொன்னா நான் கொலைகாரிக்கா. சோறு போட்டா பொண்டாட்டி."

காரில் உட்கார்ந்து பேசியது

அதற்கப்புறம் உமா வீட்டுக் கதவைத் தட்டவே எனக்குக் கூசியது. "டப்பா காலியா வருதுங்களா?" என்று அவள் கேட்க, நான் தலையை ஆட்ட. ரேவதி மேல் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்து, கத்தி வைக்கப் போவது என் கணவர் வயிற்றிலென்றால் பேசாமல் இருந்திருப்பேனா? ஒன்று மட்டும் தெரிந்தது. இந்த நாடகத்தில் நாட்கள் போய்க்கொண்டிருந்தது உமாவுக்குத்தான்.

மையத்தில் வேலை பார்க்கும் தெரிந்த நர்ஸ் ஒருத்தியிடம் பொதுவாக விசாரித்தேன். தானம் கொடுப்பவர் எந்தக் கட்டத்திலும் பின்வாங்கலாம், காரணத்தை மையத்துக்காரர்கள் யாரிடமும் சொல்ல மாட்டார்கள் என்றாள். அதைத் தெரிந்துகொண்டுதான் சரவணனை அவருடைய ஆபீஸ் வாசலில் பிடித்து, என் காரில் உட்கார வைத்து, நொய், நெய், முந்திரி எல்லாவற்றையும் சொன்னேன். குதிப்பார், வீட்டுக்கு ஓடுவார் என்று நினைத்தேன். அவர் சீட் பெல்ட்டை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நாப்பது வருஷமா சோறு திங்கறவனுக்கு சோறு தெரியாதுங்களாக்கா? மொத நாளே தெரியும்."

மையத்தின் பதில்

தெரிந்தேதான் சாப்பிட்டிருக்கிறார். தெரிந்தேதான் என்னிடம் வெல்லத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அவருக்கும் பயம். ஆபரேஷன் பயம், அப்பாவுக்கு வந்த மாதிரி தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம். அதைச் சொல்ல வெட்கம். மனைவி கலந்து போட்டாள், இவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. இனிமேல் உங்களுக்கு டப்பா கட்ட மாட்டேன், முதலில் தங்கையிடம் போய்ச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். "இந்த டெஸ்ட் முடியட்டுங்க்கா, நானே சொல்லிடறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

டெஸ்ட் முடிந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, விட்டு விட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிற சோதனை. இனி எல்லைக்கோடெல்லாம் இல்லை, முழுச் சர்க்கரை நோய் என்று வந்துவிட்டது. இவர் கிட்னியை எடுக்க முடியாது, கேஸ் முடிந்தது. எனக்குப் போன் செய்தபோது அவர் குரலில் இருந்தது துக்கம்தான் என்று சொல்லத்தான் ஆசை. பரீட்சை ரத்தான பையனின் குரல் அது. கொஞ்சம் கழித்துத்தான் அழுகை வந்தது. விக்கல்களுக்கு நடுவே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "சென்டர்லயே வேண்டாம்னுட்டாங்க்கா. நான் சொல்லல. நான் சொல்லலீங்க்கா."

புது ஆர்டர்

அடுத்த வாரம் ரேவதி கூப்பிட்டாள். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கை எடுத்துவிட்டது. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்களாம். பாதம் எரிகிறதா, கண் மங்குகிறதா என்றெல்லாம் டாக்டர் கேட்டதில் மிரண்டுபோயிருந்தாள். கஞ்சியை நிறுத்திவிட்டாளாம், நெய் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். கடைசியில், மறுபடி டப்பா கட்டச் சொல்லிக் கேட்டாள்: "இனிமே நான் எதையும் கலக்க மாட்டேன்கா. நீங்க கட்டுறத அப்படியே போடுறேன். அவருக்கு நிஜமாவே சுகர் வந்துடுச்சு."

உமா சொன்னது

சரவணன் இந்த முறை வாக்கைக் காப்பாற்றினார். தங்கை வீட்டுக்குப் போய், அவள் காலடியில் உட்கார்ந்து, நொய்யிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறார். மறுநாள் நான் டப்பாவோடு போனபோது உமா சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். டயாலிசிஸ் ஊசி குத்தும் கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். அண்ணியைத் திட்டுவாள், அண்ணனைச் சபிப்பாள், ஏன் இதை மறைத்தாய் என்று என்னையும் கேட்பாள் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவளோ டப்பாவைத் திறந்து, வடித்த பீன்ஸை இரண்டு வாய் சாப்பிட்டு, மூடி வைத்தாள்.

"வேற யாராவது..." என்று நான் இழுத்தேன். நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், அவளோடு காலேஜில் படித்த தோழி ஒருத்தி இருக்கிறாளாம். ஆரம்பத்திலேயே, கிட்னி தர டெஸ்ட் எடுத்துக்கொள்ளத் தயார் என்று அவளாகவே முன்வந்தாளாம். அண்ணன் இருக்கும்போது ஊரார் உடம்பைக் கேட்பானேன் என்று உமாதான் வேண்டாம் என்றிருக்கிறாள். இப்போது அந்தத் தோழி கர்ப்பமாக இருக்கிறாள். இறந்தவர்களின் கிட்னிக்குப் பட்டியலில் பெயர் போட்டுக் காத்திருப்பதென்றால் வருஷக்கணக்கு ஆகும், அதுவரை இந்த உடம்பு தாங்க வேண்டும். இதையெல்லாம் அடுத்த வீட்டுக்காரியின் கதையைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, கடைசியில்தான் குரல் உடைந்தது: "அண்ணன்கிட்ட நான் கேக்கவே இல்லீங்க்கா, அவராத்தான் வந்து தர்றேன்னாரு. முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, ஒரு நாள் அழுதுட்டு வேற ஆளத் தேடியிருப்பேன்."

இத்தனை வருஷம் டப்பா கட்டியதில் நான் தெரிந்துகொண்டது, சொந்தத் தங்கையிடம் 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்வதைவிடச் சுகரை வரவழைத்துக்கொள்வது சுலபம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள் என்பதுதான்.